நியூ லின் கடுதாசி - 23: மார்க் போடுற பசங்க



போன கடுதாசியில ஆக்லாந்து மழையைப் பத்திப் புலம்பினதுக்கு ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மழையும் நிக்கலை, நானும் திருந்தலை. ஆனா இந்த வாரம் சினிமா. சினிமான்னா தலைவர் படம் இல்லை, குறும்படம். அதுலயும் படம் எடுக்கிறவங்களைப் பத்தி இல்லை, படத்துக்கு மார்க் போடுறவங்களைப் பத்தி. குறிப்பா, மீசை முளைக்கிற வயசுல நடுவர் நாற்காலியில உட்கார்றவங்களைப் பத்தி. அவங்களை உட்கார வைக்கிறது போட்டோவுக்கா, இல்லை நிஜமாவே அவங்க தீர்ப்புக்கு மதிப்பு இருக்கா? இதான் மேட்டர்.

நான் குடியிருக்கிற நியூ லின்ல இருந்து கார்ல முக்கால் மணி நேரம் போனா முரிவாய்னு ஒரு கடற்கரை வரும். கறுப்பு மணல், பாறை உச்சியில கேனட் பறவைங்க கூட்டம் கூட்டமா. 2013 பிப்ரவரியில அங்க நீந்திக்கிட்டிருந்த ஒருத்தரைச் சுறா தாக்கி அவர் இறந்துபோனார். பேரு ஆடம் ஸ்ட்ரேஞ்ச். உலகம் பூரா செய்தி வந்துச்சு. இன்னைக்கும் அவர் பேரைத் தேடினா முதல்ல சுறாதான் வருது. ஆனா அவர் ஒரு இயக்குநர். 2009ல அவரோட 'அஃப்ரோடைட்ஸ் ஃபார்ம்'ங்கிற குறும்படம் பெர்லின் திரைப்பட விழாவுல படிகக் கரடி விருது வாங்குச்சு. பெர்லின்ல தங்கக் கரடி, வெள்ளிக் கரடி எல்லாருக்கும் தெரியும். இந்தப் படிகக் கரடியை யார் குடுக்கிறாங்கன்னு நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது. பசங்க. நிஜமாவே பசங்க.

பெர்லின் விழாவுல 1978லயே குழந்தைகளுக்கான படங்களுக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சுட்டாங்க. 2004ல '14 பிளஸ்'னு வளர்ந்த பசங்களுக்கு இன்னொரு போட்டி சேர்ந்துச்சு. 2007ல இருந்து ரெண்டுக்கும் சேர்த்து 'ஜெனரேஷன்'னு பேரு. சின்னவங்க பிரிவுக்குக் குழந்தைங்க நடுவர் குழு, பெரிய பசங்க பிரிவுக்கு ஏழு பேர் கொண்ட இளையோர் நடுவர் குழுன்னு வச்சாங்க. நீளப் படத்துக்கு ஒரு கரடி, குறும்படத்துக்கு ஒரு கரடி. ஆடம் ஸ்ட்ரேஞ்சுக்குக் கிடைச்சது அந்த 14 பிளஸ் பசங்க குடுத்தது.

அதே பிரிவுல 2012ல மறுபடியும் ஒரு நியூசிலாந்துக் குறும்படம் ஜெயிச்சுது. சாம் ஹோல்ஸ்ட் எடுத்த 'மீட்ஹெட்'. பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் ஊர்ல இருக்கிற இறைச்சித் தொழிற்சாலைக்கு (இங்க 'ஃப்ரீசிங் வொர்க்ஸ்'னு சொல்வாங்க) வேலைக்குப் போறான். புதுசா வந்தவனை அங்க இருக்கிறவங்க 'வரவேற்கிற' விதம்தான் படம். நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல முதல் வருஷம் இருந்தவங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தை ஐம்பது வயசு விமர்சகர் பார்த்தா தொழிலாளர் வாழ்க்கை, யதார்த்த பாணின்னு எழுதுவார். பதினாறு வயசுப் பையன் பார்த்தா? அது அவனுக்கு அடுத்த வருஷம் நடக்கப்போறது. அந்தப் பயத்தோட பார்க்கிற கண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கா இல்லையா?

பெர்லின்ல எனக்குப் பிடிச்ச விஷயம் மூணு. ஒண்ணு, ஆள் எடுக்கிற முறை. முந்தின வருஷம் படம் பார்க்க வர்ற பசங்க, பார்த்த படத்தைப் பத்தி ஒரு கேள்வித்தாள் நிரப்பிக் குடுப்பாங்க. அதுல எழுதினதை வச்சுத்தான் அடுத்த வருஷ நடுவர்களைத் தேர்ந்தெடுப்பாங்க. ஸ்பான்சர் பொண்ணு, செயலாளர் பையன் கணக்கெல்லாம் கிடையாது. ரெண்டு, பெரியவங்க குழு தனி, அவங்க பரிசும் தனி. பசங்க முடிவு பெரியவங்க மேசைக்குப் போய்த் திருத்தப்பட்டு வராது. மூணு, விருதோட காரணமும் சொல்லணும். ஏன் இந்தப் படம்னு பசங்களே எழுதுவாங்க.

இத்தாலியில இதை விடப் பெருசு. சலேர்னோ பக்கத்துல ஜிஃபோனி வாலே பியானான்னு ஒரு சின்ன ஊர். 1971ல கிளாவுடியோ குபிட்டோசின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச விழா. அங்க நடுவர்கள் எல்லாருமே பசங்கதான், ஆயிரக்கணக்குல. வயசு வாரியாப் பிரிச்சிருப்பாங்க, மூணு வயசுக் குழந்தைங்களுக்குக் கூட ஒரு பிரிவு உண்டு. வெளிநாட்டுல இருந்து வர்ற பசங்களை ஊர்க்காரங்க தங்க வீட்டுலயே தங்க வச்சுக்குவாங்க. 1982ல பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அங்க போயிருந்தார். எல்லா விழாவையும் விட இதுதான் அவசியமான விழாங்கிற மாதிரி எழுதிட்டு வந்தார்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. நம்ம கிட்ட இதை விடப் பழைய கதை ஒண்ணு இருக்கு. தமிழ் படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எனக்கு ப்ளஸ் டூ தமிழய்யா சொன்னது. இறையனார் களவியல் உரையில வருது.

பாண்டிய நாட்டுல பன்னிரண்டு வருஷம் பஞ்சம். பஞ்சம் முடிஞ்சதும் அரசன் புலவர்களைத் தேடுறான். எழுத்துக்கும் சொல்லுக்கும் ஆள் கிடைக்குது, பொருளுக்குக் கிடைக்கலை. அப்போ மதுரைச் சொக்கநாதரே அறுபது சூத்திரம் எழுதிக் குடுக்கிறார். அதுக்குச் சங்கப் புலவர்கள் ஆளாளுக்கு ஒரு உரை எழுதிட்டு, என்னுதுதான் சரி, உன்னுது தப்புன்னு சண்டை. நடுவர் வேணும். யாரைப் போடுறது? இருக்கிறதுலயே பெரிய புலவரையா? இல்லை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை. அவனுக்கு வயசு அஞ்சு. வாய் பேசாத பிள்ளை.

அந்தப் பிள்ளையை உயரமான இடத்துல உட்கார வச்சு, புலவர்கள் எல்லாம் கீழ இருந்து ஒவ்வொருத்தரா உரையைப் படிக்கிறாங்க. பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கான். மருதன் இளநாகனார் படிக்கும்போது சில இடத்துல மட்டும் கண் கலங்குது. நக்கீரர் படிக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர், மயிர்க்கூச்சு. தீர்ப்பு முடிஞ்சுது. நக்கீரர் உரைதான் உரை.

கதை நிஜமா பொய்யாங்கிறதை விடுங்க. இதைச் சொன்னவங்க என்ன நினைச்சிருக்காங்கன்னு பாருங்க. படிச்சவங்க சண்டையைத் தீர்க்க இன்னொரு படிச்சவன் போதாது. யாருக்கும் கடன்படாத, யாருக்கும் பயப்படாத, யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டிய தேவை இல்லாத ஒரு காது வேணும். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அடுத்த மாசம் அந்தப் புலவர் கிட்ட ஒரு காரியம் ஆக வேண்டியது இல்லையே! அதான் விஷயம். (உருத்திரசன்மனை முருகனோட அம்சம்னு சொல்வாங்க. நாவல் மரத்து மேல உட்கார்ந்து ஔவையாருக்கே சுட்ட பழம் சுடாத பழம்னு பரீட்சை வச்ச பையனாச்சே, மார்க் போடுறது அவருக்குப் புதுசா என்ன.)

நம்ம நாட்டுல நவீன காலத்துலயும் இது இருந்துச்சு. 1955ல தொடங்கின இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம், 1979ல இருந்து சர்வதேசக் குழந்தைகள் திரைப்பட விழா நடத்துச்சு. 1995க்கு அப்புறம் ஹைதராபாத்ல. தங்க யானைதான் விருது. அதுல குழந்தைங்களே நடுவரா இருக்கிற குழுவும் உண்டு. இருபதாவது விழா 2017 நவம்பர்ல நடந்துச்சு. 2022 மார்ச்சுல அந்தச் சங்கத்தையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோட இணைச்சுட்டாங்க. யானை இருந்துச்சு, பசங்களும் இருந்தாங்க. எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கோம்?

இப்போ எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும் இல்லையா. 2009ல கலைஞர் டிவியில 'நாளைய இயக்குநர்' வந்துச்சு. எடுத்தவங்க இருபது சொச்சம் வயசுப் பசங்க. நடுவர் நாற்காலியில மதன், பிரதாப் போத்தன் மாதிரி பெரியவங்க. அதுல இருந்து வந்தவங்கதான் நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன். 2012ல 'பீட்சா', 'காதலில் சொதப்புவது எப்படி', 2013ல 'சூது கவ்வும்'னு வரிசையா வந்து தமிழ் சினிமா முகத்தையே கொஞ்சம் மாத்திட்டாங்க. பெரியவங்க நடுவரா இருந்தா புதுசு புரியாதுன்னு சொன்னா, இது நேர் எதிரான சாட்சி. அதனால நான் பெரியவங்களை எழுப்பிவிட்டுட்டுச் சின்னவங்களை உட்கார வைங்கன்னு சொல்ல வரலை. ரெண்டு நாற்காலியும் வேணும், ரெண்டுக்கும் நிஜமான அதிகாரம் வேணும்னுதான் சொல்றேன்.

எதுக்கு இவ்ளோ பீடிகைன்னா, சில மாசம் முன்னாடி இங்க மேற்கு ஆக்லாந்துல நம்மாளுங்க அமைப்பு ஒண்ணு (பேர் வேண்டாமே) குறும்படப் போட்டி வச்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு. பேசினவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயசு இருக்கும், தங்கமான மனுஷன்.

"தம்பி, உங்களுக்குப் படம் பாக்கிறதில நல்ல விருப்பம் எண்டு கேள்விப்பட்டனான். ஒருக்கா நடுவரா வந்து இருக்கேலுமோ? இளையோர் அஞ்சு பேர் வேணும்."

"வரேன் அண்ணை. எங்க முடிவுதானே கடைசி முடிவு?"

"அது கமிற்றி பாத்துக்கொள்ளும் தம்பி. நீங்கள் மேடையில பேரை வாசிச்சாக் காணும்."

ஊறுகாய்! இலை ஓரத்துல வைக்க அஞ்சு ஊறுகாய் வேணும்னு கேக்குறாங்க. கோவப்படலை. பெர்லின் கதையை எல்லாம் அவருக்குச் சொல்லிட்டு மூணு நிபந்தனை வச்சேன். ஒண்ணு, நாங்க உறையில போட்டுக் குடுக்கிறதை யாரும் பிரிச்சு மாத்தக் கூடாது. ரெண்டு, எங்கள்ல யாருக்காவது ஒரு படத்தை எடுத்தவரோட பழக்கம் இருந்தா, அந்தப் படத்துக்கு அவங்க அறையை விட்டு வெளிய போயிடணும். மூணு, மார்க் ஷீட் வேண்டாம். ஒரு வாரம் போன் மேல போன். முதல் ரெண்டுக்கும் சரின்னாங்க. மூணாவதுக்கு, "மார்க் இல்லாட்டி நாளைக்கு ஆரும் கேட்டா என்னத்தைக் காட்டுறது தம்பி?" நியாயமான கேள்விதான். கடைசியில மார்க்கும் போடுறது, அப்புறம் உட்கார்ந்து பேசுறது, பேச்சுல வர்ற முடிவுதான் முடிவுன்னு ஒப்பந்தம் ஆச்சு.

மார்க் ஷீட் மேல எனக்கு என்ன கோவம்னு கேப்பீங்க. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்கிறவன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. அவங்க குடுத்த தாள்ல கதை 10, நடிப்பு 10, ஒளிப்பதிவு 10, படத்தொகுப்பு 10, இசை 10, ஒலி 10. மொத்தம் 60. இதுல 40 மார்க் கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் மைக்குக்கும் போகுது. யார் கிட்ட விலை கூடின சாமான் இருக்கோ அவர் ஓட்டப்பந்தயத்துல பாதி தூரம் முன்னாடி நிக்கிறார்.

அடுத்தது கூட்டல் கணக்கு. அஞ்சு நடுவர்னு வைங்க, பத்துக்கு மார்க். முதல் படத்துக்கு 9, 9, 9, 4, 3. மொத்தம் 34. ரெண்டாவது படத்துக்கு எல்லாரும் 7. மொத்தம் 35. ஜெயிச்சது ரெண்டாவது. ஆனா அஞ்சுல மூணு பேருக்கு முதல் படம்தான் உசத்தி! யாரையும் உலுக்காத, யாரையும் கோவப்படுத்தாத படம்தான் கூட்டல்ல ஜெயிக்கும். சரி, ஆடியன்ஸ் ஓட்டு வச்சுக்கலாமான்னா, பெரிய ஊர்ல பரவாயில்லை. ஆக்லாந்துல 2003ல ஆரம்பிச்ச '48 ஹவர்ஸ்' போட்டியில (ஒரு வாரக் கடைசிக்குள்ள படம் எழுதி எடுத்து முடிச்சுடணும்) நடுவர் முடிவோட பார்வையாளர் ஓட்டும் வச்சாங்க. முன்னூறு பேர் வர்ற நம்ம ஹால்ல அதை வச்சா, எவன் வீட்டுல சித்தப்பா பெரியப்பா அதிகமோ அவன் ஜெயிப்பான்.

ஆனா மார்க்கை விடப் பெரிய சிக்கல் ரெண்டாவது நிபந்தனையில இருக்கு. ஊரை விட்டு வந்து படிக்கிற பசங்களுக்கு இது புரியும். இங்க நம்ம கூட்டம் சின்னது. வந்து இறங்கின அன்னைக்கு விடியக்காலை ஏர்போர்ட்டுக்கு வந்தவர், வாடகைக்கு ரூம் பார்த்துக் குடுத்தவர், முதல் பார்ட் டைம் வேலைக்கு ரெஃபரன்ஸ் எழுதினவர்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அண்ணன், ஒரு அக்கா இருப்பாங்க. நாளைக்கு வேலை விசாவுக்கு ஓடும்போது மறுபடியும் அவங்க கதவைத்தான் தட்டணும். அவங்க படத்துக்கு மூணு மார்க் போட எந்தக் கைக்குத் தைரியம் வரும்? இளையோர் நடுவர்னா பயமில்லாதவங்கன்னு நினைச்சுக்கிறோம். நம்ம கூட்டத்துல ரொம்பக் கடன்பட்டவங்களே இளையோர்தான்.

மொத்தம் பதினொரு படம். ஏழாவது படம் எனக்கு ரெஃபரன்ஸ் எழுதிக் குடுத்த அண்ணனோடது. ஒப்பந்தப்படி எழுந்து வெளிய போய் வராந்தாவுல டீ குடிச்சேன். மத்த நாலு பேர் பார்த்தாங்க, அவங்களே முடிவு பண்ணாங்க. பரிசு கிடைக்கலை. அடுத்த வாரம் லின்மால்ல எதிர்ல வந்தார். சிரிச்சார். சிரிப்புல உப்பு கம்மி. முன்னெல்லாம் மாசம் ஒருக்கா சாப்பிடக் கூப்பிடுவார், அதுக்கப்புறம் இன்னும் அழைப்பு வரலை. அந்த அம்மா வைக்கிற வத்தக்குழம்பு கண்ணுலயே நிக்குது. நியாயத்துக்கு விலை உண்டுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது வத்தக்குழம்புன்னு யாரும் சொல்லலையே :-(

பேச்சு நடந்த கதையைச் சொல்லணும். அஞ்சு பேர்ல ரெண்டு பேர் ஸ்கூல் பசங்க. ஒரு பொண்ணு, பதினாறு வயசு, இங்கயே பிறந்தவ. தமிழ் கேட்டா புரியும், பேசினா பாதி. முதல் முக்கால் மணி நேரம் வாயே திறக்கலை. நாங்க மத்தவங்க லைட்டிங், ட்விஸ்ட்னு பேசிக்கிட்டிருந்தோம். அவ நோட்டைப் பிரிச்சு மெதுவா கேட்டா. "அண்ணா, பதினொண்ணுல ஏழு படத்துல அம்மா இருக்காங்க. ஏழுலயும் கிச்சன்ல இருந்து வாய்ஸ் மட்டும்தான் வருது. ஏன் அம்மாக்கு ஃபேஸே இல்ல?"

ஒரு நிமிஷம் அறையில சத்தமே இல்லை. உண்மைதான். 'சாப்பிட வாடா', 'போனை வை', 'எத்தனை தடவை சொல்றது'. ஏழு படத்துலயும் குரல், கதவு, ஒரு கரண்டிச் சத்தம். எடுத்தவங்க யாரும் கெட்டவங்க இல்லை. நாங்க எல்லாரும் அப்படிப்பட்ட படங்களையே பார்த்துப் பழகினவங்க. பழகாத கண்ணுக்குத்தான் அது உறுத்துச்சு.

அங்க இருந்து பேச்சே மாறிப்போச்சு. மார்க் ஷீட்ல அஞ்சாவதா நின்ன ஒரு படத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தோம். ஆறு நிமிஷம், போன்ல எடுத்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்க ஊர்ல இருந்து வந்த ஒரு பாட்டி, முதல் தடவையா தனியா ஏவண்டேல்ல ரயில் ஏறி நியூ லின்ல இறங்குறாங்க. ஒரே ஒரு ஸ்டேஷன். ஹாப் கார்டை எங்க தட்டுறதுன்னு தெரியாம ரெண்டு தடவை தட்டுறாங்க. பிளாட்பாரத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத் திரும்பிப் போறாங்க. வசனம் இல்லை, பாதி நேரம் காத்துச் சத்தம் மைக்கை அடிக்குது. ஆனா பாட்டி முகம் ஆறு நிமிஷமும் நம்ம முன்னாடி இருக்கு. வாக்குவாதம் ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசி வரைக்கும் ஒருத்தர் ஒத்துக்கலை. நாலுக்கு ஒண்ணுன்னு அந்தப் படத்துக்கே முதல் பரிசு.

இன்னொரு விஷயம். அதை எடுத்தது காலேஜ் பையன் இல்லை. நைட் டியூட்டி பார்க்கிற நாற்பது சொச்சம் வயசு நர்ஸம்மா. இளையோர் நடுவரா இருந்தா இளையோர் படத்துக்கே குடுப்பாங்கன்னு சொல்றவங்களுக்கு இது.

விழா அன்னைக்குக் கமிட்டி வாக்கு மாறலை, உறை அப்படியே பிரிக்கப்பட்டுச்சு. அதுக்கு அந்த யாழ்ப்பாணத்து அண்ணைக்கு ஒரு கும்பிடு. காரணத்தை அந்தப் பொண்ணே மேடையில வாசிச்சா, தமிழை ஆங்கில எழுத்துல எழுதி வச்சுக்கிட்டு, மூணே வரி. "வசனமே இல்லாத படத்துக்குப் பரிசா?"ன்னு பின்வரிசையில ஒரு பெரியவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டுமே. காரணம் சொன்னாத்தான் எதிர்த்துப் பேசவாவது வழி இருக்கும். வெறும் மார்க்கோட யார் சண்டை போட முடியும்? உருத்திரசன்மன் காலத்துல கண்ணீர் போதும். நம்ம காலத்துல கண்ணீருக்குக் காரணமும் கேப்பாங்க, கேக்கணும்.

நம்மூர்ல விஸ்காம் இருக்கிற ஒவ்வொரு காலேஜ்லயும் குறும்படப் போட்டி நடக்குது. சிறப்பு விருந்தினர் சென்னையில இருந்து கார்ல வருவார், ரெண்டு மணி நேரம் லேட், நாலு படம் பார்ப்பார், பொன்னாடை வாங்குவார், முடிவு சொல்லிட்டுக் கிளம்பிடுவார். அவர் பரிசு அவர் கிட்டயே இருக்கட்டும். கூட ஒரே ஒரு பரிசை, படம் எடுக்காத, படம் பார்க்கிற அஞ்சு மாணவங்க கையில குடுத்துப் பாருங்க. செலவு ஒரு ஷீல்டு. ஒரே கண்டிஷன், அதை யாரும் திருத்தக் கூடாது.

பிரான்ஸ்ல கிளெர்மோன் ஃபெர்ரான் குறும்பட விழான்னு ஒண்ணு, குறும்பட உலகத்துல அதுதான் பெரிய திருவிழா. அது 1979ல எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? அந்த ஊர் யுனிவர்சிட்டி மாணவர் சினிமா கிளப் நடத்தின ஒரு வாரக் குறும்படக் காட்சியா. போட்டியெல்லாம் 1982ல தான் வந்துச்சு. மாணவர் குழு குடுக்கிற பரிசும் அங்க இருக்கு.

உங்க காலேஜ்லயோ ஊர்லயோ, வெளிநாட்டுல இருந்தா உங்க சங்கத்துலயோ இப்படி நடுவரா உட்கார்ந்த அனுபவம் இருந்தா எழுதுங்க. குறிப்பா, தெரிஞ்சவங்க படத்துக்கு என்ன பண்ணீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

வியாழக்கிழமைக்குள்ள ஒரு அசைன்மெண்ட் முடிக்கணும், டேட்டா இன்னும் சுத்தம் பண்ணலை. அடுத்த கடுதாசியில பார்ப்போம்.

டிஸ்கி: வத்தக்குழம்பு வைக்கத் தெரிஞ்ச ஆக்லாந்து பதிவர்கள் யாராச்சும் இருந்தா தனியா தொடர்பு கொள்ளவும். பதிலுக்கு உங்க குறும்படத்தைப் பார்த்து உண்மையான கருத்து சொல்லப்படும் ;-)